தங்கைக்கு ஓர் இறுதி எச்சரிக்கை

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குக் கணக்கம்மா கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கணினித் திரையைப் பார்த்து, "ஐயையோ, போயிடுச்சே!" என்றாள்.

பக்கத்து மேஜையிலிருந்த கிடங்குக்காரர் பதறிப்போய்த் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்ன போச்சு?"

"எச்சரிக்கை."

"யாருக்கு?"

கணக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

கடைகளுக்கு அலமாரி, கல்லாமேஜை, கண்ணாடி செய்து கொடுக்கும் நிறுவனம் அது. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் நினைவூட்டுக் கடிதம் எழுதித் தபாலில் போடுவது பதினெட்டு வருடமாகக் கணக்கம்மாவின் வேலை. போன வாரம் முதலாளி ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார். இனி தினமும் காலை ஒன்பது மணிக்கு அதுவே பாக்கிதாரர்களைப் பொறுக்கியெடுத்து மின்னஞ்சல் அனுப்பிவிடும். தபால்தலைச் செலவு மிச்சம் என்பதில் முதலாளிக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் நாளே முப்பத்தேழு பேருக்குப் போயிருந்தது. முப்பத்தாறு பேரைப் பற்றிக் கணக்கம்மாவுக்குக் கவலையில்லை. முப்பத்தேழாவது, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு தையல் கடை. ஓர் ஆளுயரக் கண்ணாடி வாங்கிய பாக்கி. தாமதம், நாலு வருடம். சாதாரணமாக முதல் மாதம் மென்மையான நினைவூட்டல், இரண்டாம் மாதம் கண்டிப்பான நினைவூட்டல் என்று படிப்படியாகப் போகிற சாஃப்ட்வேர், நாலு வருடத்தைப் பார்த்ததும் வெறிபிடித்து நேரே கடைசிப் படிக்குத் தாவியிருந்தது.

'இது இறுதி எச்சரிக்கை. ஏழு நாட்களுக்குள் நிலுவையைச் செலுத்தாவிட்டால் தங்களுடனான தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்படும்.'

அதன் அடியில் கணக்கம்மாவின் முழுப் பெயர், பதவி, அழகான சாய்வெழுத்தில் அவள் கையெழுத்து.

தையல் கடைக்காரி அவளுடைய சொந்தத் தங்கை.

சிபாரிசு என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று அது தன் தங்கையின் கடை என்பதைக் கணக்கம்மா அலுவலகத்தில் மூச்சு விட்டதில்லை. அதே நியாய உணர்வில்தான் நாலு வருடத்துக்கு முன்பு கண்ணாடி பில்லில் வண்டிக்கூலியையும் சேர்த்துப் போட்டாள்.

"கூடப்பொறந்தவளுக்கே வண்டிக்கூலியா?" என்று தங்கை கேட்டாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்த ஒரு வரியில் பிடித்த தீ, வண்டிக்கூலியிலிருந்து சின்ன வயதில் காணாமல் போன ஒரு தோடுக்குப் போய், அங்கிருந்து அம்மாவுக்கு யாரை அதிகம் பிடிக்கும் என்பதில் வந்து நின்றது. இனி நீயாக வந்து பேசும்வரை நான் பேசமாட்டேன் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். ரோஷத்தில் ஒருத்திக்கொருத்தி சளைத்தவளில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களாயிற்றே.

ஆனால் அலுவலகக் கடிதம் பேச்சில் சேர்த்தியில்லை. இதைக் கணக்கம்மா முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். நிலுவை இருப்பதை நினைவூட்டுவது அவள் உத்தியோகக் கடமை. அந்தக் கடிதத்தின் கீழே ஒரு வரி தவறி விழுந்துவிட்டால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

'தங்கள் கணக்கில் நிலுவை உள்ளதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். குளிர் அதிகமாக இருப்பதால் காதை மூடிக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொள்கிறது.'

பதில் ஒரு வாரத்தில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும். காது மூடப்பட்டது. தங்கள் நிறுவனம் மூக்குக்கண்ணாடியை மாற்றிவிட்டதா என அறிய விரும்புகிறோம்.'

இப்படி நாலு வருடம். நிறுவனத்துக்கு முழங்கால் வலி வந்தது. தையல் கடைக்குப் பல் பிடுங்கினார்கள். பதில் வருகிற நாளில் கணக்கம்மா அதைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, மூன்று முறை படிப்பாள். கணவர் போனபிறகு அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. அவள் ஏழு வயதில் எப்படி அழுவாள் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்திதான் மிச்சம். அந்த ஒருத்தியின் கையெழுத்தைப் பார்க்க அவள் மாதத்தில் இருபத்தொன்பது நாள் ஏங்கினாள்.

இதில் அவளுக்கு இருந்த ஒரே பயம், தங்கை பணத்தைக் கட்டிவிடுவாளோ என்பது. இரண்டாவது பயம் தணிக்கையாளர். "இந்தச் சில்லறையைத் தள்ளுபடி பண்ணிட்டா கணக்கு சுத்தமாயிடுமே" என்று அவர் இரண்டு வருடம் தொடர்ந்து சொன்னார்.

"ஒத்தக் காசு விடமாட்டேன்!" என்று முதலாளி மேஜையைத் தட்டினார். "கடுதாசி போட்டுக்கிட்டே இருக்கட்டும்."

பென்சிலை எண்ணிக் கொடுக்கிறவர், ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். அவருடைய கஞ்சத்தனத்துக்குக் கணக்கம்மா அன்று மனதுக்குள் நன்றி சொன்னாள்.

இப்போது, தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்படும் என்று அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. அவள் சாஃப்ட்வேரின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"போன மெயிலைத் திருப்பி வாங்க முடியுமாம்மா?"

"போனது போனதுதான் மேடம்," என்றது ஒரு குளிர்ந்த பெண் குரல். "வேணும்னா கடிதத்தோட வாசகத்தை மாத்திக்கலாம். இனிமே போறது புது வாசகத்துல போகும்."

அது போதும் என்று கணக்கம்மா உட்கார்ந்தாள். நாலு வருடமாக ஒவ்வொரு வரியாகச் சிந்திக்கொண்டிருந்ததை அன்று மொத்தமாகக் கொட்டினாள்.

'நலமா? உனக்கும் முழங்கால் வலிக்கிறதா? ஒத்தடம் கொடுக்க ஆள் இருக்கிறதா? நேற்று அனுப்பியதைப் படித்துக் கோபப்பட்டிருப்பாய். நான் மனதார எழுதியது அல்ல. பாக்கி இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.'

எழுதி, கண்ணைத் துடைத்து, 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு முதல் தொலைபேசி வந்தது. டயர் கடைக்காரர். போன மாதம் வசூலுக்குப் போன ஆளை நாயை விட்டுத் துரத்தியவர்.

"முழங்கால் வலின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?" என்றார் கம்மிய குரலில். "வீட்ல இருக்கறவங்களே கேக்கலம்மா. பெத்த புள்ள கேக்கல. பாக்கியைப் பூரா இப்பவே அனுப்பிடறேன்."

அடுத்து மருந்துக்கடைக்காரர். அவருக்கு முழங்காலில் ஒன்றுமில்லை, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. அதற்கடுத்து முடி திருத்துகிறவர் நேரிலேயே வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் இருபத்தெட்டு பேர் கட்டிவிட்டார்கள்.

முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "என்ன மருந்து போட்டீங்க கணக்கம்மா? ரெண்டு மாசப் பாக்கியெல்லாம் ஒரே நாள்ல வந்து விழுது!"

"சும்மா... வாசகத்தைக் கொஞ்சம் மாத்தினேன் சார்."

"இன்னும் கொஞ்சம் மாத்துங்க. இடுப்பு வலியையும் சேத்துக்குங்க!"

தையல் கடையிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கணக்கம்மா மீண்டும் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"நீங்க மாத்தினது மென்மையான நினைவூட்டல், கண்டிப்பான நினைவூட்டல் ரெண்டும்தான் மேடம். இறுதி எச்சரிக்கைக்குப் போனவங்களுக்கு அந்தக் கடிதம் போகாது."

"அவங்களுக்கு?"

"தினமும் காலையில அதே இறுதி எச்சரிக்கைதான் மேடம். அதுல நாள் மட்டும் ஒண்ணொண்ணா குறையும்."

ஆக, ஊரிலிருக்கிற டயர் கடைக்காரனுக்கெல்லாம் ஒத்தடம், கூடப்பிறந்தவளுக்கு மட்டும் தினம் ஓர் எச்சரிக்கை. இன்றைக்கு 'இன்னும் ஆறு நாள்' என்று போயிருக்கும். கணக்கம்மாவுக்கு அழுகை முட்டியது. மூக்கைச் சிந்தி, அழுகையை உள்ளே அனுப்பினாள்.

"கடைசித் தேதியைத் தள்ளி வெச்சா?" என்றார் கிடங்குக்காரர். எதற்கு, யாருக்கு என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யோசனை சொல்வதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் என்றுமே நினைத்ததில்லை.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பில்லின் கடைசித் தேதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டால் அது பாக்கியே இல்லை. பாக்கி இல்லையென்றால் எச்சரிக்கை இல்லை. கணக்கம்மா தேதியை மாற்றினாள். சாஃப்ட்வேர் ஒரு நொடி யோசித்துவிட்டு, யாரையும் கேட்காமல், தையல் கடைக்கு ஒரு பூங்கொத்துப் படத்துடன் கடிதம் அனுப்பியது.

'வாழ்த்துகள்! தாங்கள் எங்களுக்கு இனி எதுவும் தரவேண்டியதில்லை. இனிமேல் எங்களிடமிருந்து எந்தக் கடிதமும் வராது. மகிழ்ச்சியாக இருங்கள்.'

கீழே அவள் கையெழுத்து.

கணக்கம்மா திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாலு வருடத்தில் ரோஷக்காரி ஒருத்தி இன்னொரு ரோஷக்காரிக்கு இதைவிட மோசமாக எதையும் எழுதியிருக்க முடியாது. அன்றிரவு தலையணைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் புரண்டு, நேராகத் தொலைபேசியில் கூப்பிட்டுவிடலாமா என்று பலமுறை எண்களைப் பாதிவரை அழுத்தினாள். யார் முதலில் பேசுவது என்கிற இடத்தில் விரல் நின்றது. தங்கை ஜெயித்துவிட்டதாக நினைப்பாளே என்பதல்ல பயம். அவள் எடுக்காமல் விட்டுவிட்டால்? நினைவூட்டுக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று போடலாம். இதற்கு அப்படி வழியில்லை.

புதன்கிழமை காலை அவள் தேதியைப் பழையபடி வைத்தாள். எச்சரிக்கை போகாமலிருக்க, பட்டியலில் இருந்த இன்னொரு பெட்டியில் குறியிட்டாள். 'இந்த பில் தகராறில் உள்ளது.' தகராறில்தான் இருக்கிறது, அதில் பொய்யே இல்லை.

சாஃப்ட்வேர் அதையும் பொறுப்பாக எடுத்துக்கொண்டு தையல் கடைக்கு ஒரு படிவம் அனுப்பியது. 'எங்கள் பொருளில் தாங்கள் கண்ட குறையை விவரமாக எழுதவும்.' இந்தப் படிவத்துக்கு வருகிற பதில் கணக்கம்மாவுக்கு வராது, நேரே முதலாளிக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி கையில் ஒரு தாளோடு வந்து நடுக்கூடத்தில் நின்றபோது தெரிந்தது.

"கேளுங்க இந்தக் கூத்தை," என்று அவர் உரக்கப் படித்தார். "'ஐயா, தாங்கள் அனுப்பிய கண்ணாடி உடையவில்லை, கீறவில்லை. குறை என்னவென்றால், அதில் நாளுக்கு நாள் வேறொருவர் முகம் தெரிகிறது. முன்தலை நரைக்க நரைக்க அந்த ஜாடை அதிகமாகிறது. தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வேலை ஓடவில்லை. தயவுசெய்து இதைச் சரிசெய்து தரவும்.'"

"ரசம் போயிருக்கும் சார்," என்றார் கிடங்குக்காரர். "ஈரத்துல மாட்டியிருந்தா பின்பக்கப் பூச்சு உரிஞ்சுடும். முகம் ஒரு மாதிரியாத்தான் தெரியும்."

கணக்கம்மா ஒரு பேரேட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அது தலைகீழாக இருந்தது.

"இது வம்பு பிடிச்ச கேஸு," என்றார் முதலாளி. "நாளைக்கு, கண்ணாடியில பேய் தெரியுதுன்னு ஊர்பூரா சொல்லுவாங்க. கணக்கம்மா, இந்த பில்லைத் தள்ளுபடி பண்ணிடுங்க. இன்னிக்கே. கடுதாசி, மெயிலு, எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

"சார்!" பேரேடு கீழே விழுந்தது. "அது... அது தப்பு சார். ஒத்தக் காசு விடமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்போ."

"நியாயம்னு ஒண்ணு இருக்கு சார். பொருள வாங்கினா பணம் கட்டணும். நாலு வருஷமா நான் எழுதிக்கிட்டு வரேன். இன்னும் ஒரு நாலு வருஷம் எழுதினா—"

"எழுதினதெல்லாம் போதும்." முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவு நியாயம் பேசறவங்க நேர்ல போய் வசூல் பண்ணிட்டு வாங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் நானே தள்ளுபடி பண்ணிடுவேன். இந்தாங்க, வண்டிச் செலவுக்கு."

அவர் தன் சொந்தப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். கிடங்குக்காரர் எழுந்து நின்று பார்த்தார். அந்த நிறுவனத்தில் அதற்கு முன்பு யாருக்கும் வண்டிச் செலவு கொடுத்து அவர் பார்த்ததில்லை. கணக்கம்மா இருந்த நிலையில் அவளுக்கு அது உறைக்கவேயில்லை. அலுவலக விஷயமாகப் போவது போவதில் சேர்த்தியில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

தையல் கடை மாறவில்லை. வாசலில் துணிச்சுருள்கள், உள்ளே இரண்டு தையல் இயந்திரங்கள், நீள வெட்டுமேஜை, மூலையில் முக்காலி போட்டுச் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள். சுவரோரம் அந்தக் கண்ணாடி. கழுத்தில் அளவுநாடாவோடு குனிந்து துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். முன்தலை நரைத்திருந்தது. கணக்கம்மாவின் கை தன்னையறியாமல் தன் நரைத்த முன்தலைக்குப் போயிற்று.

தங்கையின் கையிலிருந்த சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"வாங்க. என்ன விஷயமா வந்தீங்க?"

"நிலுவை விஷயமா."

"உக்காருங்க. கடிதமெல்லாம் கிடைச்சுது. தொடர்பைத் துண்டிக்கறதா இருக்கீங்க போல."

"அது நான் எழுதல. சாஃப்ட்வேர்."

"கையெழுத்து உங்களுதுதான்."

"அதுவும் சாஃப்ட்வேர்."

"மகிழ்ச்சியா இருங்கன்னு ஒரு பூங்கொத்து வந்துச்சே?"

"அதுவும்தான்."

"பரவாயில்ல. நிறுவனம் நல்லா முன்னேறிடுச்சு." தங்கை வேறெங்கோ பார்த்தாள். "முழங்கால் எப்படி இருக்கு? நிறுவனத்துக்கு?"

"படி ஏறும்போதுதான் நிறுவனத்துக்கு வலிக்குது. கடைக்குப் பல்லு?"

"கட்டியாச்சு."

காஜா எடுக்கும் அம்மாள் ஊசியில் நூல் கோத்தாள்.

தங்கை அளவுநாடாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நாலு வருஷமா உங்களை அலைய வெச்சதுக்கு மன்னிக்கணும். பணத்தை எடுத்துத் தந்துடறேன். ரசீது போட்டுக் குடுங்க. கணக்கை முடிச்சுக்கலாம்."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அது திறந்த சத்தத்தில் கணக்கம்மாவின் பதினெட்டு வருட உத்தியோகம், நாலு வருட ரோஷம் எல்லாம் சேர்ந்து தரையில் விழுந்தது.

"வேண்டாம்டி!" என்றாள். "கட்டிடாதடி. கட்டிட்டா அடுத்த மாசம் உனக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

தங்கை இழுப்பறையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் உதடு கோணிக்கொண்டு போவதைக் கணக்கம்மா பார்த்தாள். மூன்று வயதில் எப்படிக் கோணியதோ அதே மாதிரி.

"நீதான் முதல்ல பேசின," என்றாள் தங்கை.

"ஆமா, நான்தான். எழுதி வெச்சுக்க."

"எனக்கு வேற ஒண்ணும் எழுதிக்க வேணாம்க்கா," என்று சொல்லி வந்து தோளில் சாய்ந்தவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. கணக்கம்மா அவள் நரைத்த தலையைத் தடவிக்கொண்டே, "தலைக்கு எண்ணெய் வெக்கறதே இல்லையாடி நீ?" என்று அதட்டினாள். அதட்டிவிட்டுத் தானும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

கணக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூலையிலிருந்த அம்மாளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. அஞ்சு மணிக்குள்ள பணத்தோட போகலேன்னா எங்க முதலாளி என்னைக் கொன்னே போட்டுடுவார். அவருக்குக் காசுதான் உயிர், மனுஷங்க மனசெல்லாம் தெரியாது."

"யாரு, அவரா?" காஜா எடுக்கும் அம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "உங்க முதல் கடுதாசி வந்த மறுநாளே இவங்க முழுப் பணத்தையும் அந்தக் கடுதாசியையும் எடுத்துக்கிட்டு உங்க ஆபீசுக்கு வந்தாங்கம்மா, நீங்க பேங்குக்குப் போயிருந்தீங்க, கடுதாசியோட கடைசி வரியைப் படிச்சுட்டு 'இதை நான் வாங்கிக்கிட்டா அந்தம்மா அப்புறம் யார்கிட்டதான் பேசுவாங்க, எடுத்துட்டுப் போங்க'ன்னு அந்த மனுஷன்தான் திருப்பி அனுப்பி வெச்சாரு."